ஜெபக் குறிப்பேடு

ஞாயிறு எட்டரைக்குள் மரப்பெட்டியைத் திறந்து
சீட்டுகளை நோட்டில் ஏற்றுவது என் வேலை.
பாலக்கோடு சர்க்கரை ஆலைக்குப் பின்னால் தகரக்கூரை சபை.
பதினோரு வருஷமாக இவர்கள் வலி எல்லாம்
என் கையெழுத்தில்தான்.

மாதப்பனுக்கு மூட்டு.
சுகிர்தாவுக்குக் கட்டி, சனிக்கிழமை ஸ்கேன்.
எழுநூறு அடியிலும் புழுதி, கர்த்தர் தண்ணீர் காட்டவேண்டும்.
தக்காளி கூடை அறுபதுக்குப் போகுது இயேசப்பா.
மகனுக்கு ஓசூர் கம்பெனியில் பெர்மனெண்ட்.

கிட்னியில் கல் என்றால் சத்தமாக வாசிப்போம்.
மூலத்தைக்கூட,
கொஞ்சம் குரலைத் தாழ்த்தி.
மனசு என்று வந்தால் மட்டும்
'சரீர பெலவீனம்' என்று மாற்றி எழுதுவேன்.
அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

என் தம்பி ஜெயசிங்குக்கு
மூன்று மாதம் சரீர பெலவீனம் எழுதினேன்.
வெள்ளிதோறும் உபவாசம். நெற்றியில் எண்ணெய்.
விசுவாசத்தோடு மாத்திரையை நிறுத்து தம்பி
என்றார் பாஸ்டர் எலியேசர்.
நிறுத்தினான்.
சொன்னதைச் செய்கிற பிள்ளை.

கல்லறைத் தோட்டத்துக்குள் அவனை விடவில்லை கமிட்டி.
வெளிச்சுவரை ஒட்டி
சீமைக்கருவேலம் வெட்டி இடம் செய்தோம்.
பாட்டு இல்லை, மணி இல்லை.
பாஸ்டர் வந்தார். குடை பிடித்து நின்றார்.
வாய் திறக்கவில்லை.
அடுத்த ஞாயிறும் நான்தான் பெட்டியைத் திறந்தேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
சாவி என்னிடம் இருந்தது.

போன வாரம் பெயரில்லாத ஒரு சீட்டு,
காணிக்கை ரசீதின் பின்பக்கம்:
தூங்கி நாற்பது நாள் ஆகிறது.
ஜெபம் வரவில்லை. இருக்கப் பிடிக்கவில்லை.

'ற'வுக்கு வால் நீளம்.
அந்த வாலை எனக்குத் தெரியும்.
என் ஞானஸ்நானச் சான்றிதழில் இருக்கிறது.
தம்பிக்கு இடமில்லை என்ற தீர்மானத்தில்
கையொப்பத்துக்கு மேலே
ஆறு இடத்தில் இருக்கிறது, எண்ணியிருக்கிறேன்.

முதலில் வந்தது இரக்கம் இல்லை.
பொய்சாட்சி வேண்டாம், எழுதிவைக்கிறேன்.
முதலில் வந்தது: இப்போது தெரிகிறதா?
இரண்டாவதும் அதுதான்.
மூன்றாவதாகத்தான் காதில் விழுந்தது
வெயிலில் தகரம் டப்பென்று விரிகிற சத்தமும்
மைக்கைத் தட்டி, "அல்லேலூயா கேட்கலையே!" என்று
அவர் சிரிக்கிற சத்தமும்.
நாற்பது நாளாக இப்படியா சிரிக்கிறார்?

அன்று நோட்டை அவரிடம் நீட்டவில்லை.
நானே எழுந்து வாசித்தேன்.
மூட்டு. ஸ்கேன். போர்வெல். தக்காளி.
பிறகு,
"நம்மில் ஒருவருக்கு மனச்சோர்வு.
சரீர பெலவீனம் இல்லை, மனச்சோர்வு.
என் தம்பிக்கும் அதுதான் இருந்தது."

யாரும் ஆமென் சொல்லவில்லை.
ஃபேன் சுற்றியது. ஒரு குழந்தை பிஸ்கட் கேட்டது.
பிரசங்க பீடத்தின் விளிம்பைப் பிடித்திருந்த
பத்து விரல்களை மட்டும் பார்த்தேன்.
முகத்தைப் பார்க்கவில்லை.

ஆராதனை முடிந்து செருப்பு போடும் இடத்தில்
"நாளைக்கு ஏழு மணி தர்மபுரி பஸ்" என்றேன்.
வேறு எதுவும் சொல்லவில்லை.

வந்தார்.
வெள்ளை ஜிப்பா இல்லை, கட்டம்போட்ட சட்டை.
எனக்கு இரண்டு சீட் பின்னால், ஜன்னலோரம்.
புலிகரை தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன்.
கண்ணாடிக்கு வெளியே அவர் எதையும் பார்க்கவில்லை.

மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி, மனநலப் பிரிவு.
ஓ.பி. சீட்டில் பெயர் எழுதினார், வயது எழுதினார்.
தொழில் என்ற இடத்தில் பேனா நின்றது.
பதினோரு வருஷப் பழக்கம்,
என் கை தானாக நீண்டது.
இழுத்துக்கொண்டேன்.
அவரே எழுதட்டும்.

மன்னித்துவிட்டாயா என்று என்னைக் கேட்டால்
தெரியாது.
சுவருக்கு வெளியேதான் இன்னும் இருக்கிறான் அவன்.

வரிசை பெஞ்சில் ஆறாவது ஆள்
சுகிர்தாவின் புருஷன்.
சபையில் முதல் வரிசை, கஞ்சிரா தட்டுகிறவர்.
எங்களைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.
மடியிலிருந்த மாத்திரைக் கவரை
மறைக்கப் போனார், மறைக்கவில்லை.
கொஞ்சம் நகர்ந்து
இடம் விட்டார்.